வணிகப் பள்ளிக்கான ஆங்கிலம்: பந்தியில் இருப்பதை மட்டும் வாசித்தல்

திருகோணமலையில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்து, பட்டமும் பெற்று, வங்கியிலோ கப்பல் முகவர் அலுவலகத்திலோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, வெளிநாட்டு வணிகப் பள்ளி ஒன்றில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணும் தம்பிமாரும் தங்கைமாரும் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். நானும் இதே ஊரில் தமிழ் மொழிமூலம் படித்து, அதற்குத் தேவையான ஐயெல்ட்ஸ், ஜீமேட் பரீட்சைகளை எழுதி, அந்தப் படிப்பை முடித்துத் திரும்பியவள் என்பதே காரணம். அவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, எந்த வொக்காபுலறிப் புத்தகம் வாங்கிறது நல்லம்?"

சொற்புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்லும்போது அவர்களின் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து போகும் ஒருவருக்கு இந்தப் பரீட்சைகளில் புள்ளி குறைவது சொற்கள் போதாமையால் அல்ல என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஒரு பந்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அது சொல்லாததை நாமாக எங்கே சேர்த்துக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் வகுப்பறைகளில் எவருக்கும் ஊட்டப்படவில்லை. அந்தப் பழக்கத்தைத் தமிழிலேயே தொடங்கலாம், தமிழில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பரீட்சைகளின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மொழித் தேர்ச்சிக்கு எங்கள் பக்கத்தில் அதிகம் எழுதப்படுவது ஐயெல்ட்ஸ். செவிமடுத்தல் 30 நிமிடம், வாசிப்பு 60 நிமிடம், எழுத்து 60 நிமிடம், பரீட்சகருடன் நேருக்கு நேர் பேச்சு 11 முதல் 14 நிமிடம் என நான்கு பகுதிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் 9 வரையான அளவுகோலில் புள்ளி தரப்பட்டு, நான்கின் சராசரி அரைப் புள்ளிக்குக் கிட்டியதாக்கப்படும். பல வணிகப் பள்ளிகள் மொத்தமாக 6.5 அல்லது 7 கேட்கின்றன. அதற்கு மேலும் கேட்கும் பள்ளிகள் உண்டு. இதைத் தவிர, எம்.பி.ஏ. போன்ற படிப்புகளுக்குப் பல பள்ளிகள் வணிகப் பள்ளி அனுமதிக்கான ஜீமேட் (GMAT) பரீட்சையையும் கேட்கின்றன. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மொத்தப் புள்ளி 205 இலிருந்து 805 வரை. மொழிப் பகுதியில் 23 வினாக்கள். அதாவது ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. இளமாணிப் பட்டத்தை ஆங்கில மொழிமூலம் பெற்றவர்களுக்குச் சில பள்ளிகள் ஐயெல்ட்ஸிலிருந்து விலக்கு அளிப்பதுண்டு. பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கடிதம் ஒன்று பெற்றால் போதுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னரே பள்ளியிடம் எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஜீமேட்டுக்கு அந்தக் கடிதம் உதவாது.

இனி ஐயெல்ட்ஸின் வாசிப்புப் பகுதிக்கு வருகிறேன். மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். இவற்றுள் எங்கள் பிள்ளைகளை அதிகம் வீழ்த்துவது ஒரு கூற்றைத் தந்து, அது பந்தியின்படி சரியா, பிழையா, அல்லது பந்தியில் தரப்படவில்லையா என்று கேட்கும் வினாவகை. சரியையும் பிழையையும் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள். "தரப்படவில்லை" என்ற மூன்றாவது விடையில்தான் தடுமாற்றம்.

இதைப் புரியவைக்க நான் எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு பந்தி உண்டு. திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்றும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அதன்மீது கண் வைத்திருந்தனர் என்றும், 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின என்றும், இன்று சீனக்குடாப் பக்கத்தில் கோதுமை மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் உள்ளன என்றும் அந்தப் பந்தி சொல்கிறது. அதன் கீழே ஒரு கூற்று: "இலங்கையில் அதிக கொள்கலன்களைக் கையாளும் துறைமுகம் திருகோணமலை." சரியா, பிழையா, தரப்படவில்லையா?

இந்த ஊரில் வளர்ந்த எவரும் யோசிக்காமல் "பிழை" என்று எழுதுவார்கள். கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி, "அக்கா, கொழும்புதானே பெரிசு? இதில என்ன சந்தேகம்?" என்று என்னிடம் வாதாடினாள். அவள் சொன்னது உண்மை. கொள்கலன்களில் மிகப் பெரும்பகுதி கொழும்பில்தான் குவிகிறது என்பதை அவள் தன் மேசையிலேயே நாள்தோறும் காண்பவள். ஆனால் அந்தப் பந்தியில் கொழும்பு என்ற பெயரே இல்லை. கொள்கலன் பற்றி ஒரு வரியும் இல்லை. எனவே விடை "தரப்படவில்லை". அவளுக்குத் தெரிந்த உண்மையே அவளுடைய புள்ளியைப் பறித்தது. "பிழை" என்று எழுத வேண்டுமானால், கூற்றுக்கு நேர்மாறான ஒன்றைப் பந்தியே சொல்லியிருக்க வேண்டும். உலகம் சொல்வது கணக்கில் வராது, வீட்டில் அப்பா சொன்னது வராது, பாடப்புத்தகத்தில் படித்ததும் வராது.

இது ஏன் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பாடசாலைப் பரீட்சைகள் ஒரு விடயத்தைப் பற்றி மாணவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதையே அளக்கின்றன. அறிந்ததை எல்லாம் விடைத்தாளில் இறக்கிவைப்பவருக்கே அதிக புள்ளி கிடைக்கும். உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் அதைப் பலரும் கடைசி வாரத்தில்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அறிவைக் கொட்டிக் காட்டியே பழகிய ஒருவரிடம் திடீரென்று, உன் அறிவை வாசலில் விட்டுவிட்டு வந்து இந்தப் பந்தியை மட்டும் பார் என்று கேட்டால் அவர் திகைக்கத்தான் செய்வார். அதை ஆங்கிலக் குறைவு என்று எண்ணி மேலும் ஐந்நூறு சொற்களை மனப்பாடம் செய்வதால் அந்தத் திகைப்பு நீங்காது.

ஜீமேட்டின் மொழிப் பகுதியில் இதே திறன் இன்னும் கூர்மையாகச் சோதிக்கப்படுகிறது. அங்கே சிறிய வாதம் ஒன்றைத் தந்து, அதைப் பலப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது, அது வெளியில் சொல்லாமல் நம்பியிருக்கும் எடுகோள் எது என்று கேட்பார்கள். இதற்கும் எங்கள் கடற்கரையிலிருந்தே ஓர் உதாரணம் அமைத்துக்கொள்ளலாம். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் மார்ச் மாதத்தில் தன் இணையத்தளத்தை ஜேர்மன் மொழியிலும் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். மே முதல் ஓகஸ்ட் வரை அங்கு தங்கிய வெளிநாட்டவரின் தொகை, அதற்கு முந்திய நான்கு மாதங்களைவிட இரண்டு மடங்காகியது. ஆகவே இணையத்தளத்தை மேலும் பல மொழிகளில் வெளியிட்டால் விருந்தினர் தொகை இன்னும் பெருகும் என்று முகாமையாளர் முடிவு செய்கிறார். இந்த முடிவைப் பலவீனப்படுத்துவது எது?

எங்கள் பிள்ளைகள் இதை நொடியில் பிடித்துவிடுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியடைந்த பிறகுதான் கிழக்குக் கரையில் பருவம் தொடங்குகிறது என்பதும், மே மாதம் பிறந்தால் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களிலிருந்து தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் வியாபாரம் கூடும் என்பதும் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். எனவே "ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதங்களில் நிலாவெளியின் எல்லா ஹோட்டல்களிலும் விருந்தினர் பெருகுகிறார்கள்" என்ற தெரிவை உடனே தேர்ந்துவிடுவார்கள். மாறாக, அந்த ஆண்டு அயலிலுள்ள ஹோட்டல்களில் விருந்தினர் தொகை கூடவில்லை என்று ஒரு தெரிவு இருந்தால் அது முகாமையாளரின் வாதத்தைப் பலப்படுத்தும் என்பதையும் சற்று யோசித்துக் கண்டுகொள்கிறார்கள். அவர் வெளியில் சொல்லாத எடுகோள் இதுதான்: இணையத்தளத்தைத் தவிர, அந்தக் காலத்தில் விருந்தினரைக் கூட்டக்கூடிய வேறு மாற்றம் எதுவும் நிகழவில்லை.

பிறகு இதே எலும்புக்கூட்டை எடுத்து, கனடாவின் உருளைக்கிழங்குப் பண்ணை ஒன்றிலோ அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றிலோ பொருத்திக் கொடுப்பேன். நொடியில் விடை சொன்ன அதே தம்பி இப்போது தடுமாறுவான். பருவம் என்ற விடயம் அவனுக்கு நிலாவெளியில் கண்ணுக்குத் தெரிந்தது, கனடாவில் தெரியவில்லை. அப்போதுதான் பயிற்சியின் உண்மையான வேலை தொடங்குகிறது. இடத்தையும் பொருளையும் உரித்தெடுத்துவிட்டு, "முன்னர் ஒன்று நடந்தது, பின்னர் இன்னொன்று நடந்தது, ஆகவே முன்னதே பின்னதற்குக் காரணம்" என்ற கட்டமைப்பை மட்டும் பார்க்கக் கற்க வேண்டும். அதைக் கண்டுகொண்டவருக்குக் கனடாவும் நிலாவெளியும் ஒன்றுதான். தெரிவுகளில் எது வேறொரு காரணத்தைக் கொண்டுவருகிறது என்று தேடினால் போதும்.

இந்தப் பயிற்சியைத் தமிழில் தொடங்கச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஆங்கிலப் பரீட்சைக்குத் தமிழில் பயிற்சியா என்று பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். என் விளக்கம் எளியது. மொழியோடு ஒரு போராட்டமும் தர்க்கத்தோடு இன்னொரு போராட்டமும் ஒரே நேரத்தில் நடந்தால், பிள்ளை எதில் தோற்றது என்பது அதற்கும் தெரியாது, கற்பிப்பவருக்கும் தெரியாது. தமிழில் செய்தால் தர்க்கத்தில் உள்ள குறை தனியாகத் தெரியும். 'வீரகேசரி', 'தினக்குரல்' போன்ற நாளிதழ்களின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதன் முடிவு எது என்று சிவப்பு மையால் கோடிட வேண்டும். முடிவுக்கு ஆதாரமாகத் தரப்பட்ட வரிகளை நீல மையால் கோடிட வேண்டும். ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போக எழுதியவர் எதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். தொடக்கத்தில் பக்கம் முழுவதும் சிவப்பாகிவிடும், ஏனென்றால் அழுத்தமாகச் சொல்லப்பட்ட எல்லாமே முடிவு போலத் தோன்றும். சில வாரங்களில் சிவப்பு ஒன்றிரண்டு வரிகளுக்குச் சுருங்கும். ஓரத்துப் பென்சில் எழுத்து நீளத் தொடங்கும்போது அந்தப் பிள்ளை ஆங்கிலப் பந்திக்குத் தயாராகிவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வரும்.

ஆங்கிலத்துக்கு மாறிய பின்னரும் அதே சிவப்பு, நீலம், பென்சில்தான். நாளுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை போதும். பொருளாதாரம், அறிவியல், வரலாறு என்று மாறி மாறி வாசிக்க வேண்டும். கிரிக்கெட் செய்தி கணக்கில் சேராது. சொற்கள் இந்த வாசிப்பினூடே தாமாக வந்து சேரும். எந்தச் சொற்களில் தனியாகக் கவனம் வைக்க வேண்டும் என்று கேட்டால், அளவையும் எல்லையையும் குறிக்கும் சின்னச் சொற்களில் என்பேன். சில, பெரும்பாலான, மட்டும், தவிர, கூடும், வேண்டும் என்ற கருத்துத் தரும் ஆங்கிலச் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தவை என்பதாலேயே கண் அவற்றைத் தாண்டிவிடுகிறது. "சில நிறுவனங்கள்" என்று பந்தி சொல்ல, தெரிவு "பெரும்பாலான நிறுவனங்கள்" என்று சொன்னால், அந்த ஒரு மாற்றத்திலேயே தெரிவு தவறாகிவிடும்.

எழுத்துப் பகுதியைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். தனியார் வகுப்புகள் சிலவற்றில் கட்டுரைக்கு வார்ப்பு ஒன்றை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் அதே முதல் வரி, அதே கடைசி வரி, நடுவில் இட்டு நிரப்ப இடைவெளிகள். பரீட்சகர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். விடை முழுவதும் மனப்பாடம் செய்து எழுதப்பட்டது என்று உறுதியானால் அதற்குப் பூச்சியம் என்பது ஐயெல்ட்ஸின் வெளிப்படையான விதி. பூச்சியம் வரை போகாவிட்டாலும், வினா கேட்டதற்கு விடை சொல்லப்பட்டதா என்பது நான்கு அளவீடுகளுள் முதலாவது. கருத்தின் ஒழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணம் ஆகியன மற்ற மூன்றும். வார்ப்பில் எழுதுபவர் முதலாவதிலேயே சரிகிறார்.

எழுத்துப் பகுதியின் இரண்டு பணிகளில் இரண்டாவதான, குறைந்தது 250 சொற்கள் கொண்ட கட்டுரைக்கு முதற்பணியைவிட இரு மடங்கு மதிப்பு உண்டு; எனவே 40 நிமிடங்களை அதற்கு ஒதுக்க வேண்டும். எங்கள் பாடசாலைகளில் விவாதப் போட்டிகளில் பேசியவர்களுக்கு இங்கே ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே வருகின்றன. ஒரு பக்கத்தை எடுத்து நிற்கத் தயங்கமாட்டார்கள் என்பது பலம். மேடையில் கைதட்டல் வாங்கித் தந்த "எல்லோரும்", "எப்போதும்", "ஒருபோதும்" போன்ற முழக்கங்களைக் கட்டுரையிலும் வாரி இறைப்பது பலவீனம். உதாரணம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவே போய் நிற்கும் கட்டுரைக்கே நல்ல புள்ளி கிடைக்கிறது. தமிழ்த் தலையங்கத்தில் மற்றவரின் எடுகோளைப் பென்சிலால் எழுதிப் பழகியவர் தன் கட்டுரையின் எடுகோளையும் கண்டுகொள்வார்.

முதற்பணியில் வரைபு ஒன்றையோ அட்டவணை ஒன்றையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். அதற்கு நான் கொடுக்கும் பயிற்சி திருகோணமலையின் மாதாந்த மழைவீழ்ச்சி வரைபு. ஒக்டோபரில் ஏறத் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் உச்சம் தொட்டு, பெப்ரவரிக்குள் சரிந்து, ஆண்டின் நடுவில் தாழ்ந்து கிடக்கும் அந்த வரைபைப் பார்த்தவுடன் எல்லோரும் பருவக்காற்றைப் பற்றி எழுதத் தொடங்குவார்கள். வரைபில் பருவக்காற்று இல்லை. மாதங்களும் மில்லிமீற்றர்களும் மட்டுமே உள்ளன. காரணம் சொல்வது அந்தப் பணியின் வேலை அல்ல. எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எது உச்சம், எதனோடு எதை ஒப்பிடலாம் என்று சொல்வதே வேலை. துறைமுகப் பந்தியில் கற்ற பாடம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

பேச்சுப் பகுதியில் வேறொரு சிக்கல். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் சுருக்கமாகவும் பணிவாகவும் விடை சொல்வதே நல்ல வளர்ப்பு என்று நாங்கள் வளர்ந்தோம். எதிரில் அமர்ந்திருக்கும் பரீட்சகருக்கு அந்த மரியாதையைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரியில் விடை சொல்லி அமைதியாகிவிடும் பிள்ளைக்குச் சரளம் இல்லை என்றே புள்ளியிடப்படும். ஹோட்டல் வரவேற்பு மேசையில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் பேசும் ஒரு தம்பிக்குக்கூட இது நேர்ந்தது. விருந்தினரிடம் அறை எண், சாப்பாட்டு நேரம், படகுக் கட்டணம் என்று சிறு துண்டுகளாகப் பேசிப் பழகியவனுக்கு, ஒரு நிமிட ஆயத்தத்துக்குப் பின் இரண்டு நிமிடம் வரை ஒரே விடயத்தைத் தொடர்ந்து பேசும் இரண்டாம் பகுதி மலையாகத் தெரிந்தது. அன்று வேலையில் நடந்த ஒன்றை இரவில் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, தானே கேட்டு, அடுத்த நாள் அதே சம்பவத்தை மீண்டும் சொல்லிப் பதிவு செய்யும்படி அவனிடம் சொன்னேன். இரண்டாம் பதிவு எப்போதும் நன்றாக இருக்கும். மூன்றாம் பகுதியில் பரீட்சகர் கருத்துக் கேட்பார். அவருடைய கேள்வியில் உள்ள எண்ணத்தோடு உடன்படவில்லை என்றால் அப்படியே சொல்லலாம். அதை அவர் மரியாதைக் குறைவாகக் கொள்ளமாட்டார்.

செவிமடுத்தல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். பிரித்தானிய, அவுஸ்திரேலிய உச்சரிப்புகள் உட்படப் பலவும் வரும். எழுத்துப்பிழைக்குப் புள்ளி போகும். நாள்தோறும் காது கொடுத்தால் தானாக முன்னேறும் பகுதி இது.

புத்தகங்கள் விடயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஊரில் கைமாறி வரும் பழைய ஜீமேட் புத்தகங்களில் பெரும் பகுதி, வாக்கியங்களில் பிழை திருத்தும் வினாக்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த வினாவகை புதிய வடிவத்தில் இல்லை. கட்டுரைப் பகுதியும் நீக்கப்பட்டுவிட்டது. இன்று மொழிப் பகுதியில் மிஞ்சியிருப்பவை வாசிப்பு வினாக்களும் வாத வினாக்களும் மட்டுமே. அண்ணன் தந்தது, அக்கா தந்தது என்று பழைய புத்தகத்தோடு மாதக்கணக்கில் இலக்கணம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க மனம் வருந்துகிறது. அவர்களின் உழைப்பு முழுவதும் பரீட்சையில் இல்லாத ஒன்றில் கரைகிறது. அதே புத்தகங்களில் உள்ள வாத வினாக்கள் இன்றும் பயன் தருபவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எதை முதலில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். ஜீமேட் புள்ளி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஐயெல்ட்ஸ் புள்ளி இரண்டு ஆண்டுகளுக்குத்தான். எனவே ஜீமேட்டை முதலில் எழுதி, விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது ஐயெல்ட்ஸை எழுதுவது பணத்தையும் காக்கும், ஜீமேட்டுக்காகச் செய்த வாசிப்பு ஐயெல்ட்ஸுக்கும் கைகொடுக்கும். கட்டணங்கள் சிறியவை அல்ல. தொடக்க நிலையில் வேலை செய்யும் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை ஒரே பரீட்சை விழுங்கிவிடும். ஆகையால் பள்ளி கேட்கும் புள்ளியை நுணுக்கமாக வாசிக்க வேண்டும். செவிமடுத்தல் 7.5, வாசிப்பு 7, எழுத்து 6, பேச்சு 7 என்று பெற்ற ஒருவரின் சராசரி 6.875, அது 7 ஆகக் கொள்ளப்படும். ஆனால் எந்தப் பகுதியிலும் 6.5 இற்குக் குறையக்கூடாது என்று பள்ளி சொல்லியிருந்தால் அந்த 7 உதவாது. அப்படிப்பட்டவர் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு எழுத்துக்கு மட்டும் இரண்டு மாதம் கொடுப்பதே புத்தி.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம் தேவை. எங்கள் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகவோ முழுதாகவோ முன்னால் வரும். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில், எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே பரீட்சைப் பதிவிலும் பள்ளி விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால், பதிவுக்கு முன்னரே கடவுச்சீட்டை எடுத்து அதன்படி நடக்க வேண்டும். பரீட்சை கொழும்பில் என்றால், இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவுப் புகையிரதத்தில் போய், கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே பரீட்சை மண்டபத்துக்குப் போகும் பழக்கம் எங்கள் ஊரில் நேர்முகப் பரீட்சைக் காலத்திலிருந்தே இருக்கிறது. வாசிப்பில் ஒரு மணித்தியாலம் கண் அயராமல் நிற்க வேண்டிய நாளுக்கு அது ஆகாது. ஒரு நாள் முன்னதாகப் போய், உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, மண்டபத்தை மாலையிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.